ரிவால்வருக்குள் ஒரு பூட்டு: வைத்திருப்பவர்களே அதை ஏன் வெறுக்கிறார்கள்?

டெக்சாஸில் வசிக்கும் தன் மைத்துனர் முதல் முறையாக ஒரு ரிவால்வர் வாங்கப் போகிறார் என்றும், கடைக்காரர் "உள்பூட்டு இல்லாததாகப் பார்த்து எடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார் என்றும் எழுதி, நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மைத்துனர் வீட்டில் ஏழு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். பூட்டு இருப்பதுதானே நல்லது? பாதுகாப்புக்கென்று வைத்த ஒன்றைத் துப்பாக்கிக்காரர்கள் ஏன் இப்படி வெறுக்கிறார்கள்?

நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் இலக்குச் சுடும் கழகத்துக்குப் போகிறவன். என்னிடம் ரிவால்வர்கள் இருக்கின்றன, இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனவே இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கடைக்காரர் சொன்னதிலும் காரணம் இருக்கிறது, நண்பரின் கவலையும் நியாயமானது. இருவரும் வெவ்வேறு பூட்டுகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலில் அந்தப் பூட்டு எது என்று பார்க்கலாம். ரிவால்வர் வைத்திருப்பவர்கள் "பூட்டு" என்று சலித்துக்கொண்டால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் 2001-ஆம் ஆண்டு முதல் தன் ரிவால்வர்களில் பொருத்தத் தொடங்கிய உள்பூட்டைத்தான். துப்பாக்கியின் இடப்பக்கம், தோட்டா உருளையைத் திறக்கும் கட்டைவிரல் பொத்தானுக்குச் சற்று மேலே, ஒரு சிறிய வட்டத் துளை தெரியும். அதில் சிறு சாவியை நுழைத்துத் திருப்பினால், உள்ளே கொடி வடிவிலான ஒரு தகடு மேலெழுந்து, தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் சுத்தியலைப் பிடித்துக்கொள்ளும். சுத்தியல் நகராது, விரலால் இழுத்துச் சுடும் விசையும் நகராது. எழும்பிய தகட்டின் விளிம்பில் "பூட்டப்பட்டது" என்ற ஆங்கிலச் சொல்லைப் படிக்கலாம். மறுபக்கம் திருப்பினால் தகடு இறங்கிவிடும். அதைக் கீழேயே இருத்தி வைப்பது ஒரு சின்னஞ்சிறு சுருள்வில். எல்லாப் புகாரும் அந்த வில்லிலிருந்துதான் தொடங்குகிறது.

ரிவால்வரை ஒருவர் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும். ரிவால்வரில் பெரும்பாலும் ஐந்தோ ஆறோதான். இருந்தும் அதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: எடுத்தால் சுடும். தள்ளிவிட வேண்டிய பொத்தான் கிடையாது, இழுத்துவிட வேண்டிய மேல்மூடி கிடையாது. ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவிசையுள்ள நீண்ட விசையை ஆட்காட்டி விரலால் முழுவதுமாக இழுத்தால் தோட்டா வெடிக்கும். ஒரு தோட்டா பழுதாகி வெடிக்காமல் போனாலும் மறுமுறை இழுத்தால் உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். அந்த நீண்ட, கனமான இழுப்புதான் அதன் பாதுகாப்பும்கூட. பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்களில் 72 விழுக்காட்டினர் தற்காப்பைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அப்படி வாங்குகிறவருக்கு, "எடுத்தால் சுடும்" என்ற ஒரே நம்பிக்கையில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலும் அந்தப் பொருளின் பயனே போய்விடுகிறது.

விரிசல் விழுந்தது எடை குறைந்த மாடல்களில். ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்த அலுமினியச் சட்டகத்தில் ஏறத்தாழ முந்நூற்று முப்பது கிராம் எடையுள்ள ரிவால்வரைச் செய்து அதில் .357 மாக்னம் என்ற வலுவான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், கையில் வாங்கும் உதை சாதாரணமானதல்ல. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு வேகமாகப் பின்னோக்கிப் பாயும். அந்த அதிர்ச்சியில் உள்ளே இருக்கும் சிறு தகடு தன் இடத்தைவிட்டு எழும்பி, யாரும் சாவி போடாமலேயே சுத்தியலைப் பிடித்துக்கொண்டது என்று சிலர் எழுதினார்கள், சிலர் படமும் காட்டினார்கள். .44 மாக்னம் தோட்டாவுக்கான இலேசு ரிவால்வர்களைப் பற்றியும் இதே புகார் வந்தது. இப்படி நடப்பது அரிது என்பதைக் கடுமையாகக் குறை சொல்பவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். கனமான எஃகுச் சட்டகம் உள்ள ரிவால்வரில் பல்லாயிரம் தோட்டா சுட்டும் பூட்டு அசையவில்லை என்று சொல்பவர்கள் என் கழகத்திலேயே பலர். ஆனால் கரடி உலவும் காட்டில் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவரிடம் "அரிது" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருக்காது. அவர் அதை எடுக்கப் போவதே வாழ்நாளில் ஒரு முறை.

சுத்தியல் வெளியே தெரியாத, சட்டைப் பைக்குள் வைக்கும் மாடல்களில் இந்த அச்சம் இன்னும் கூடும். தகடு எழும்பினாலும் கண்ணுக்குப் படாது. விசையை இழுத்து, அது நகராதபோதுதான் தெரியும்.

இது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், வில்லைச் சற்று வலுவாக்கியதும் பேச்சு அடங்கியிருக்கும். கால் நூற்றாண்டாகியும் அடங்காமல் இருப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. பூட்டு வந்த வழி அது.

1987-இல் டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை 11 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் அமெரிக்க நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் மீது வழக்குத் தொடுத்தன. வழக்குச் செலவே நிறுவனங்களை விழுங்கிவிடும் என்ற நிலை வந்தது. அந்த நெருக்கடியில், 2000-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தனியாகப் போய்க் கிளின்டன் அரசுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கைத்துப்பாக்கிகளோடு உடனடியாக வெளிப்பூட்டு தர வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் பூட்டைத் துப்பாக்கிக்குள்ளேயே பதிக்க வேண்டும், உரிமையாளரை அடையாளம் கண்டு மட்டுமே சுடும் தொழில்நுட்பத்தை அதன்பின் கொண்டுவர வேண்டும், விற்பனையாளர்கள் இன்னின்ன விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் நீண்டது.

துப்பாக்கி உரிமையாளர்கள் இதைக் காட்டிக்கொடுத்த செயலாகவே எடுத்துக்கொண்டார்கள். நூற்றைம்பது ஆண்டுப் பெயருள்ள நிறுவனத்தின் பொருளைத் தொடமாட்டோம் என்று புறக்கணிப்பு தொடங்கியது. கடைகள் அதன் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. விற்பனை சரிந்தது, ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் ஆட்குறைப்பு நடந்தது, தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2001 மே மாதத்தில் டாம்கின்ஸ் இந்த நிறுவனத்தை விற்றபோது கிடைத்த பணம் ஒன்றரைக் கோடி டாலர். நிறுவனத்தின் மூன்று கோடி டாலர் கடனையும் அதை வாங்கியவர்களே ஏற்றுக்கொண்டார்கள். வாங்கியது யார் தெரியுமா? அரிசோனாவைச் சேர்ந்த ஸாஃப்-டி-ஹாமர் என்ற சிறு நிறுவனம். அதன் தொழிலே துப்பாக்கிகளுக்கான பாதுகாப்புப் பூட்டுகளை வடிவமைப்பது.

அந்த ஆண்டிலேயே ஆட்சியும் மாறியது. புதிய அரசு ஒப்பந்தத்தை வலியுறுத்தவில்லை, அது செல்லாக்காசாகிப்போனது. ஆனால் பூட்டு மட்டும் நிலைத்துவிட்டது. பூட்டு செய்பவரே முதலாளி, வழக்கு பற்றிய அச்சமும் தீரவில்லை. அதோடு மேரிலாந்து மாநிலம் 2000-இல் இயற்றிய சட்டப்படி, 2003 முதல் அங்கே கடைகளில் விற்கும் புதிய கைத்துப்பாக்கிகளில் உள்ளமைந்த பூட்டு இருந்தே ஆக வேண்டும். ஒரு மாநிலத்துக்கு ஒரு வடிவம், மற்றவற்றுக்கு வேறு வடிவம் என்று செய்வதைவிட எல்லாவற்றிலும் பொருத்திவிடுவது ஆலைக்கு எளிது. ஒப்பந்தம் நடந்தபோது அதிபரின் மனைவியாக இருந்த ஹிலாரி கிளின்டனின் பெயரைச் சேர்த்து உரிமையாளர்கள் அந்தச் சாவித் துவாரத்தை "ஹிலாரி துளை" என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தத்தை மறந்துவிட்ட இளைஞர்கள்கூட அந்தப் பெயரை மறக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் துளை கண்ணில் படுகிறது. அவர்களுக்கு அது பழைய தோல்வியின் தழும்பு.

அழகு பற்றிய மனக்குறையையும் நான் அற்பமென்று தள்ளமாட்டேன். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் பக்கவாட்டு, நீல மெருகேறிய எஃகில் எந்த இடையூறும் இல்லாமல் ஓடும் ஒரு நீர்ப்பரப்பு போன்றது. அதன் நடுவே ஒரு துளையும் அம்புக்குறியும் இருப்பது உண்மையிலேயே உறுத்துகிறது. பழைய சந்தையில் இதற்கு விலையே இருக்கிறது. 686 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். உருளையைத் திறந்து உள்ளே பொறித்த எண்ணைப் பார்ப்பார்கள். 686-5 என்றிருந்தால் பூட்டுக்கு முந்தையது, 686-6 என்றால் பூட்டோடு வந்தது. முந்தையதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் ஏராளம். அந்தப் பணம் முழுவதும் பூட்டில்லாததற்காகத் தருவது என்றும் சொல்ல முடியாது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அடித்துச் செய்த உள்பாகங்களுக்குப் பதிலாக, உலோகத் தூளை அச்சில் செலுத்திச் சூளையில் இறுக்கிச் செய்த பாகங்கள் வந்தன. பழையவர்கள் "பூட்டு" என்று சொல்லும்போது கைவினை போய்விட்டதே என்ற வருத்தத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

துப்பாக்கிக்காரர்கள் பாதுகாப்பு என்றாலே ஒவ்வாதவர்கள் என்ற எண்ணம் நண்பரின் கேள்வியில் மறைந்திருக்கிறது. இதே நிறுவனத்தின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1887-இல் இவர்கள் ஒரு ரிவால்வரை வெளியிட்டார்கள். கைப்பிடியின் பின்புறம் ஒரு நெம்புகோல். உள்ளங்கையால் முழுவதும் அழுத்திப் பிடித்தால் ஒழிய விசை வேலை செய்யாது. ஒரு குழந்தை தங்கள் துப்பாக்கியால் காயப்பட்டதைக் கேள்விப்பட்டு, நிறுவனர்களில் ஒருவரான டேனியல் வெஸ்ஸன் இதை உருவாக்கினார் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. எலுமிச்சை பிழியும் கருவியைப் போல அழுத்த வேண்டியிருப்பதால் மக்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது விற்றது. வெறுக்கப்பட்ட பொருள் அவ்வளவு காலம் விற்காது.

நிறுவனத்தின் நூற்றாண்டான 1952-இல் அதே கைப்பிடி நெம்புகோலோடு இன்னொரு மாடல் வந்தது. அதோடு ஒரு நுட்பமான ஏற்பாடும் இருந்தது. நெம்புகோல் வேண்டாம் என்பவர் அதை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்க ஒரு சிறு ஊசியைக் கைப்பிடிப் பலகைக்கு அடியில் வைத்தே விற்றார்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை உரிமையாளரே முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது. ஐம்பது ஆண்டு கழித்து அதே நிறுவனம் தவறவிட்டதும் அந்த மரியாதையைத்தான்.

இன்னொன்று. 1944-இல் போர்க்கப்பலின் இரும்புத் தளத்தில் கைதவறி விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். உடனே நிறுவனம் சுத்தியலுக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரு தடுப்பை மாற்றி அமைத்தது. விசையை முழுவதுமாக இழுத்தால் ஒழிய அந்தத் தடுப்பு விலகாது. அதன்பின் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. அதைக் கழற்றிப் போட விரும்பும் ஒருவரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. ஏன்? அது சாவி கேட்பதில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை, சுட வேண்டிய நேரத்தில் குறுக்கே வருவதுமில்லை. துப்பாக்கி கீழே விழும் அந்த ஒரு நொடிக்காக எப்போதும் காத்திருக்கிறது. உள்பூட்டு இதற்கு நேர்மாறு. பூட்ட வேண்டும் என்று மனிதர் நினைத்தால்தான் அது பயன்படும். நினைக்காத நேரத்தில் பூட்டிக்கொள்ளும் சிறு வாய்ப்பையும் கூடவே சுமந்துகொண்டிருக்கிறது.

மற்ற நிறுவனங்கள் செய்ததைப் பார்த்தாலும் இது விளங்கும். பிரேசிலின் டாரஸ் நிறுவனம் 1997-லேயே சுத்தியலில் பூட்டு வைத்தது. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் போர்க்கொடி எழவில்லை. அந்தப் பூட்டுக்குப் பின்னால் எந்த ஒப்பந்தமும் இல்லை. ரூகர் நிறுவனம் தன் நியூ வக்கேரோ, எல்.சி.ஆர். போன்றவற்றில் பூட்டைக் கைப்பிடிக்கு அடியில் ஒளித்துவிட்டது. வேண்டும் என்பவர் கைப்பிடியைக் கழற்றிப் பயன்படுத்தலாம். தங்கள் ரிவால்வரில் பூட்டு இருக்கிறது என்றே தெரியாத ரூகர்க்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் பிடிவாதத்தைச் சிறுகச் சிறுகத் தளர்த்தி வருகிறது. சுத்தியல் மறைந்த 442, 642 மாடல்கள் பூட்டில்லாத வடிவிலும் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. 2024 தொடக்கத்தில் லிப்சீஸ் என்ற மொத்த விற்பனை நிறுவனத்தோடு சேர்ந்து, சட்டைப் பை அளவில் பூட்டில்லாத புதிய வரிசையை வெளியிட்டபோது உரிமையாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். மைத்துனரின் கடைக்காரர் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பூட்டை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சத்தம் போடுவதில்லை, அவ்வளவுதான். வெளியூர் போகும்போது விடுதி அறையில் வைக்க வேறு வழியில்லாதவர், பேரப்பிள்ளைகள் வரும் வாரங்களில் மட்டும் சாவியைத் திருப்பிவைக்கும் தாத்தா, இலக்குச் சுடுவதற்கு மட்டுமே துப்பாக்கி வைத்திருப்பவர் என்று பலர். அவர்களை நான் மதிக்கிறேன். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்வதுண்டு: ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சாவி எல்லா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பூட்டையும் திறக்கும். திருடனை அது தடுக்காது. மேசை இழுப்பறையில் சாவியும் அருகிலேயே கிடந்தால் பன்னிரண்டு வயதுப் பையனையும் தடுக்காது.

என் கவலையெல்லாம் இந்தப் பன்னிரண்டு வயதுப் பையன்தான். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஏழு வயதுக் குழந்தை விளையாட்டாக எடுப்பதை மட்டும் பெற்றோர் நினைக்கிறார்கள். பதினைந்து வயதில், தேர்வில் தோற்ற இரவில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைப்பதில்லை. 2015-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் 46 இலட்சம் குழந்தைகள் வாழ்ந்தார்கள். துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனியே பூட்டி வைக்கும் வீடுகளில் இளையோர் தற்கொலையும் விபத்தும் குறைவு என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் பலன் தருகின்றன என்று ராண்ட் ஆய்வு நிறுவனமும் உறுதியாகச் சொல்கிறது. பூட்டு வேண்டும். அதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை. அந்தப் பூட்டு துப்பாக்கிக்குள் இருக்க வேண்டுமா, துப்பாக்கியைச் சுற்றி இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

துப்பாக்கிக்குள் இருக்கும் பூட்டைத் திறக்கச் சிறு சாவியைத் தேட வேண்டும், இருட்டில் துளையைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும், சரியான பக்கம் திருப்ப வேண்டும். தற்காப்புக்கென்று வாங்கியவர் இதைச் செய்யவே மாட்டார். அதனால் பூட்டாமலேயே விட்டுவிடுவார். தலைமாட்டில் பொருத்திய எஃகுப் பெட்டியில் வைத்தால், நான்கைந்து பொத்தான்களை வரிசையாக அழுத்தி இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிடலாம். எளிதாகத் திறக்க முடிவதால்தான் அதை மனிதர் ஒவ்வொரு இரவும் தவறாமல் மூடுகிறார். என் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

எனவே மைத்துனருக்கு என் பதில் இது. அவர் பூட்டில்லாததை வாங்கலாம், அதில் தவறில்லை. டெக்சாஸ் சட்டம் உள்பூட்டைக் கட்டாயமாக்கவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஏதாவதொரு பூட்டுச் சாதனத்தையும் தந்தாக வேண்டும். அநேகமாக ஒரு கம்பிவடப் பூட்டு கிடைக்கும். அதைப் பெட்டியோடு தூக்கிப் போடாமல், துப்பாக்கியைப் பல நாட்கள் எடுக்கப் போவதில்லை என்றால் பயன்படுத்தச் சொல்லுங்கள். பூட்டுள்ளதைத்தான் வாங்கினார் என்றால் எடை கூடிய எஃகு மாடலாக எடுக்கட்டும், உள்பூட்டைக் கழற்றும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம். பூட்டைக் கழற்றிவிட்டுத் துளையை அடைக்கச் சிறு செருகிகள் விற்கின்றன, பலரும் செய்கிறார்கள். ஆனால் நாளை தற்காப்புக்காகச் சுட்டு வழக்கு வந்தால், "பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றிய ஆள்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொடங்குவதற்கு அவரே இடம் கொடுத்ததாக ஆகிவிடும்.

டெக்சாஸில் இன்னொரு சட்டமும் உண்டு. சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை ஒருவர் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது பதினேழு வயது நிரம்பாத பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தாலே குற்றம். அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பலத்த காயம் ஏற்பட்டாலோ தண்டனை கூடும். ஆகவே துப்பாக்கி வாங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எஃகுப் பெட்டியை வாங்கி, சுவரிலோ கட்டிலிலோ திருகாணி போட்டு இறுக்கிவிடச் சொல்லுங்கள். அதைத் திறக்கும் எண்ணாகப் பையன்களின் பிறந்த நாளையோ வீட்டுக் கதவு எண்ணையோ வைக்க வேண்டாம். பிள்ளைகள் முதலில் அழுத்திப் பார்ப்பது அவற்றைத்தான்.